விதி பதினொன்று

முதல் வரி ஏவலில் இருக்கட்டும் என்று எழுதியவள் நான்.
திருத்து. சேர். நீக்கு.
"திருத்தியிருக்கிறேன்", "திருத்தலாமா" எல்லாம் வேண்டாம்.
படகு நேரப்பட்டியலுக்குப் பணிவு எதற்கு?

உள்தள்ள இரண்டு இடைவெளி.
வரிக்கு எண்பது எழுத்து.
நேரத்தை வெறும் எண்ணாக எழுதாதே,
எந்த ஊர் நேரம் என்று கூடவே சொல்
(இதற்குப் பின்னால் ஒரு மார்ச் ஞாயிறும்
துறையில் ஒரு மணி நேரம் நனைந்த
கல்யாணக் கோஷ்டியும் உண்டு).

அந்தக் கோப்பை எழுதிய குளிர்காலம்
தோர்ஷவனில் காற்று
குப்பைத்தொட்டிகளைத் தெருத்தெருவாக மேய்த்துக்கொண்டிருந்தது.
பதினொன்றாவது விதியைச் சொன்னதும் நான்தான்:
மூல நிரலில் ஆங்கில எழுத்துகள் மட்டும்.
கோடு போட்டது, கொம்பு முளைத்தது
எதுவும் உள்ளே வரக் கூடாது.
வந்தால் ஏதோ ஒரு வழங்கியில் கேள்விக்குறியாகிவிடும்.
ஹொக்னி தலையாட்டினான்.
அவன் பெயரிலேயே
குறுக்குக் கோடு விழுந்த வட்டம் ஒன்று உண்டு.

வாசலில் ஒரு சோதனை நிரலை உட்கார வைத்தேன்.
பச்சை என்றால் உள்ளே, சிவப்பு என்றால் வெளியே.
அதற்கு முகதாட்சண்யம் கிடையாது.
அதனாலேயே எனக்கு அதைப் பிடிக்கும்.

ஆறு வருடம் கழித்து, பிப்ரவரியில்,
தென்தீவிலிருந்து ஒரு மாற்றம் வந்தது.
சால்மன் பண்ணையில் இரவுக் காவல் பார்ப்பவர்.
புயலில் படகு நின்றாலும்
திரையில் பழைய நேரமே தொங்குகிறது;
அதற்கு ஒன்பது வரித் திருத்தம்.
ஏவலில் தொடங்கியிருந்தார்.
எழுபத்தொன்பது எழுத்தில் ஒரு வரி
எல்லையோரம் காலை மடக்கிப் படுத்திருந்தது.

சிவப்பு.

மறுபடி அனுப்பினார். சிவப்பு.
காற்புள்ளியை நகர்த்தி அனுப்பினார். சிவப்பு.
நான்காம் முறை ஒரு குறிப்பு:
"விதிகளை மூன்று தடவை படித்துவிட்டேன்.
எந்த வரியில் தவறு?"

ஒன்பது வரியிலும் இல்லை.
பங்களிப்போர் பட்டியலில் அவர் சேர்த்திருந்த
தன் பெயரில்.
சேர்க்கச் சொன்னதும் என் கோப்புதான், விதி நான்கு.

வாயால் சொன்னால் ஏயுன்.
எழுதினால் நடுவில் இன்னோர் எழுத்து நிற்கும்,
முதுகு வளைந்து, உச்சியில் சிறு கோட்டோடு.
எங்கள் மொழியில் அதற்கு ஒலி இல்லை.
உயிரா மெய்யா என்றால் இரண்டும் இல்லை, சும்மா நிற்கும்.
பள்ளியில் அதை விட்டுவிட்டால் அரை மதிப்பெண் போகும்.

"அந்த எழுத்தை மட்டும் மாற்றிவிடுங்கள்"
என்று தட்டிவிட்டு
அனுப்பாமல் தேநீர் போட எழுந்தேன்.

திரும்பி வந்து பட்டியலைத் திறந்தேன், எதற்கென்று தெரியாது.
அவர் தீவின் பெயரிலும் அதே எழுத்து.
ஆறு வருடமாக எங்களிடம் அது இல்லை.
படகு தினமும்
நாங்கள் தப்பாக எழுதிய ஊருக்குப் போய்
சரியாகக் கரை சேர்ந்துகொண்டிருந்தது.
அங்கிருந்து ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை.
அதை நான்
சம்மதம் என்று கணக்கெழுதி வைத்திருந்தேன்.

பதிலை அழித்தேன்.
விதி பதினொன்றைத் திறந்தேன்.

இரவு பதினொன்றரைக்கு ஹொக்னி எதிர்த்தான்:
பழைய வழங்கி, கைபேசிச் செயலி, துறைமுகப் பலகை,
மூன்றும் உடையும்.
மூன்றும் உடைந்தன. அவன் சொன்னது நியாயம்தான்.
விடிய நாலு மணிவரை
கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம்.
பலகை மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை;
அந்த இடத்தில் ஒரு காலிக் கட்டம் தெரிகிறது.
பேசாத எழுத்துக்கு அது போதும் என்கிறான்.
நான் சிரிக்கவில்லை. வழு எண் போட்டிருக்கிறேன்.

மாற்றத்துக்கு முதல் வரி எழுத உட்கார்ந்தபோது
ஏவல் வரவில்லை.
"மன்னிக்கவும்" என்று தொடங்கி அழித்தேன்.
வெகுநேரம் திரையில் அந்தச் சிறு கோடு
கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

பெயரை முழுதாக எழுது.

பச்சை.

காலையில் ஏயுனின் பதில்:
"நன்றி. பண்ணையில் இன்று காற்று குறைவு.
இன்னொரு சின்னத் திருத்தம் அனுப்புகிறேன்,
உங்கள் விதி ஆறில்
ஓர் எழுத்துப் பிழை."